கடைசி வரிசையில் ஒரு காலிக் கட்டம்

கோரா டைக்ஹவுஸ் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தபோது, ஜோலீன் கையிலிருந்த தையல் பிரிக்கும் கொக்கி போர்வையில் ஒரு கட்டத்தின் ஒரு பக்கத்தை முழுசாகப் பிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குள் நுழைந்திருந்தது.

"விடு கோரா. என் போர்வை, என் கொக்கி."

"ரெண்டும் உன்னோடதுதான். ஆனா கேஸ் என்னோடது. உன் பொண்ணு என்கிட்ட அழுதுட்டு இப்பத்தான் போனை வெச்சா."

வாசலில் டர்க் போஸ்ட்மா ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு பனி பூட்ஸைக் கழற்றிவிட்டான். மற்றதைக் கழற்றுவதற்குள் அவனுடைய முதலாளியம்மா பூட்ஸோடு உள்ளே ஓடி, ஜோலீனின் வெளிர்நிறக் கம்பளத்தில் பனிச்சேறு பதித்துவிட்டாள். நியூ ஆஸன் ஊரில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. ஜோலீன் கம்பளத்தைப் பார்க்கவே இல்லை. அதைக் கண்டதும்தான் விஷயம் பெரியது என்று டர்க்குக்கு உறைத்தது.

கோரா ஷெரீஃப் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஹார்டுவேர் கடை மாடியில் ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மாவட்டத்தில் அவள் கண்டுபிடிக்காத திருடன் இல்லை. ஆனால் ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. அவள் கோட்டின் நடுப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு மின்னிக்கொண்டிருந்தது. டர்க் அவளுக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் ஊக்கு சப்ளையரும்கூட.

சாப்பாட்டு மேஜை முழுக்க அந்தக் கையெழுத்துப் போர்வை விரிந்து கிடந்தது. அடுத்த மாதம் பிரிட்டாவுக்குக் கல்யாணம். மகளுக்காக ஜோலீன் ஊர் முழுக்கத் துணி கொடுத்து, அவரவர் தைத்துப் பெயரெழுதித் தர வாங்கிச் சேர்த்த கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு பக்கமும் வண்ண முக்கோணங்கள். வெள்ளைப் பட்டையில் ஒருவர் பெயர். மாமா, அத்தை, பல் டாக்டர், பிரிட்டாவுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அம்மாள், எல்லாரும் இருந்தார்கள். கடைசி வரிசையில் பச்சை முக்கோணங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது.

நடந்ததை ஜோலீன் மூச்சுவிடாமல் சொன்னாள். கேட்ட அத்தனை பேரிடமிருந்தும் கட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரிசையில் ஓர் இடம் குறைந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, சர்ச் வராந்தாவில் அவள் வைத்திருந்த டப்பாவில் இன்னொன்று கிடந்தது. தையல் மகா மோசம். ஆனால் கையெழுத்துப் போர்வைக்கு ஒரு முறை உண்டு. யார் கொடுத்தாலும், எப்படிக் கொடுத்தாலும், கேள்வி கேட்காமல் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்தாள். தைக்கும்போது துணி குப்புறப் போகும். ஏதோ எழுதியிருப்பது கண்ணில் பட்டது, படிக்கவில்லை. இன்று காலை போர்வை முழுவதையும் இஸ்திரி போட்டு நிமிர்ந்தால் அந்தப் பெயரைக் காணவில்லை.

"நான் இந்த ஊர்ல கேக்காம விட்டது ஒரே ஒரு ஆளைத்தான்," என்றாள் ஜோலீன்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. ஜோலீனின் அக்கா அலெய்டா. சர்ச்சில் பாட்டுக்குக் கிதார் வாசிக்கலாமா கூடாதா என்று சபை இரண்டாகப் பிளந்தபோது, ஜோலீன் ஆர்கனோடு தங்கிவிட்டாள். அலெய்டா கிதாரோடு போய்விட்டாள். அன்றிலிருந்து அக்கா தங்கை இருவரும் மளிகைக் கடையில் எதிரெதிரே வந்தால்கூட, ஒருத்தி சோப்பு வரிசைக்குள் திரும்பிவிடுவாள்.

ஜோலீன் ஒரு கதை கட்டி முடித்திருந்தாள். அலெய்டா வேண்டுமென்றே கேவலமாக ஒரு கட்டம் தைத்து, மறைந்து போகிற ஏதோ மையில் எழுதி, டப்பாவில் போட்டிருக்கிறாள். எதற்கு? மத்தியானம் சர்ச் பெண்கள் வந்து போர்வையை மரச் சட்டத்தில் பூட்டும்போது, நடுவே காலியாக ஒரு பட்டை பல்லைக் காட்ட வேண்டும். ஊர் சிரிக்க வேண்டும். ஆகவே அவர்கள் வருவதற்குள் கட்டம் வெளியே. அடுத்த நிமிஷம் அலெய்டாவுக்குப் போன். பிரிட்டா அனுப்பிய பத்திரிகை செல்லாது, கல்யாணத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை.

பிரிட்டாவோ, பெரியம்மா வராத கல்யாணத்துக்குத் தானும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

"பொண்ணு இல்லாம கல்யாணம் நடத்துறது கொஞ்சம் கஷ்டம்," என்றான் டர்க்.

அடுப்பங்கரை வாசலில் ஜோலீனின் புருஷன் வெர்லின், விதைக் கம்பெனித் தொப்பியோடு காப்பிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிக்கும் மனுஷன். "காலியாவே இருந்துட்டுப் போகட்டுமே," என்றான். ஜோலீன் பார்த்த பார்வையில் காப்பி ஆறிப்போயிருக்கும்.

கோரா குனிந்து கட்டத்தைப் புரட்டினாள். முன்னும் பின்னும் படம் எடுக்கும்படி டர்க்குக்குச் சைகை காட்டினாள். பிறகு நிமிர்ந்து, பெண்கள் வரும்வரை கொக்கியைக் கீழே வைக்கும்படி கேட்டுக்கொண்டாள். ஜோலீன் வைத்தாள், கைக்கெட்டும் தூரத்தில்.

வண்டியில் ஹீட்டர் முனகியது. வெளியே வயல்கள் பனியில் தட்டையாகப் படுத்திருந்தன.

"என்ன பார்த்தே?" என்றாள் கோரா.

"மோசமான தையல் பார்த்தேன். என் தையலுக்குத் தம்பி."

"மடிப்பைப் பார்த்தியா? இந்த ஊர்ப் பொம்பளைங்க ஒவ்வொரு தையலையும் இஸ்திரி வெச்சுப் படிய வைப்பாங்க. இதைத் தைச்சவங்க இஸ்திரி வெக்கல. எதையோ வெச்சு அழுத்தியிருக்காங்க. துணியில சின்னச் சின்னப் பல்லு தடம்."

"கடிச்சா தைச்சாங்க?"

"இஸ்திரிப் பெட்டியைத் தொடாத ஆளு, இல்லேன்னா தொட விடாத ஆளு." கோரா கண்ணாடியைத் துடைத்தாள். "அலெய்டா வீட்டுக்குப் போ."

அலெய்டா ஹேவர்காம்ப் வீட்டு வாசல் டர்க்கின் பொறாமையைக் கிளப்பியது. முந்தின நாள் கொட்டிய பனி தெரு முழுக்க இடுப்பளவு குவிந்திருந்தது. இவள் வீட்டுப் பாதை மட்டும் கேக் வெட்டினாற்போல ஓரம் சீவிச் சுத்தமாக இருந்தது. டிராக்டர் வேலை. அலெய்டாவிடம் டிராக்டர் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷமே விற்றுவிட்டாள்.

"பாதை யாரு சுத்தம் பண்றாங்க?" என்று கோரா உள்ளே நுழையும்போதே கேட்டாள்.

"காலையில எழுந்து பார்த்தா சுத்தமா இருக்கு," என்றாள் அலெய்டா. "ஆண்டவர் பெரியவர்."

"ஆண்டவர் நாலு சக்கரத் தடம் விட்டுட்டுப் போயிருக்காரே," என்றான் டர்க். அலெய்டா அவன் முன்னால் ஒரு தட்டு பாதாம் ரொட்டியை வைத்து வாயை அடைத்தாள்.

தங்கையைவிட ஒரு பிடி உயரம், அதே தாடை. கல்யாணப் போர்வை பற்றிக் கோரா சொல்லச் சொல்ல அந்தத் தாடை இறுகிக்கொண்டே வந்தது. அவள் எந்தக் கட்டமும் அனுப்பவில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காத இடத்துக்குத் துணி அனுப்பும் அளவுக்கு அவள் இன்னும் இறங்கிப் போகவில்லை. ஜோலீன் அப்படி நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இதையெல்லாம் அலெய்டா மிக அமைதியாகச் சொன்னாள். டர்க் ஃபோனை நீட்டிப் படத்தைக் காட்டும்வரை அந்த அமைதி இருந்தது.

அலெய்டா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தாள். காதிரண்டும் சிவந்தன.

"இதை நான் தைச்சேன்னா சொன்னா?"

"ஆமா."

"இந்த முக்கோணத்து முனையைப் பாருங்க. தையலுக்குள்ள போயிடுச்சு. நாலு முனையும் வெட்டுப்பட்டு நிக்குது." அவள் ஃபோன் மேல் விரலால் தட்டினாள். "என்னைத் திருடின்னு சொல்லட்டும், பொய்க்காரின்னு சொல்லட்டும். என் வாழ்க்கையில நான் ஒரு முனையை வெட்டினது கிடையாது. அது அவளுக்குத் தெரியும். பக்கத்துல உட்கார்ந்து என்கூடவே தைச்சுப் பழகினவ அவ."

கோரா மெல்லத் தலையாட்டினாள். கைரேகையைவிட இது கெட்டியான சாட்சி என்று டர்க்குக்குத் தோன்றியது. வேண்டுமென்றே மோசமாகத் தைத்தாள் என்று ஜோலீன் சொல்லலாம். ஆனால் இந்தக் காது சிவப்பை வேண்டுமென்று வரவழைக்க முடியாது. ஊரைச் சிரிக்க வைப்பதற்காகக்கூட இந்தப் பெண்மணியால் ஒரு முனையைக் கோணலாக்க முடியாது.

"சரி, தைச்சது நீங்க இல்ல," என்றாள் கோரா. "பேரு எப்படி மறைஞ்சிருக்கும்?"

அலெய்டா எழுந்து ஜன்னல் விளிம்பிலிருந்த ஒரு குவளையிலிருந்து பேனா ஒன்றை எடுத்து வந்தாள். துணியில் வெட்டுக்கோடு போடுவதற்கென்று புதிதாக வந்திருக்கிறதாம். இந்த ஊரில் அவளைத் தவிர யாரிடமும் இல்லை. ஜோலீன் இன்னும் சுண்ணாம்புக்கட்டிதான். ஒரு துண்டுத் துணியை எடுத்து, டர்க்கின் பெயரைக் கேட்டு அழகாக எழுதினாள். சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். பெயர் போய்விட்டது. கறைகூட இல்லை.

டர்க் வெள்ளைத் துணியை உற்றுப் பார்த்தான். "என்னை இவ்வளவு சீக்கிரமா எந்தப் பொண்ணும் மறந்ததில்ல."

"அப்ப பேரை அழிச்சது ஜோலீனேதான்," என்றாள் கோரா. "காலையில இஸ்திரி போட்டாளே, அப்ப."

"பாஸ், ஆனா பேனா இங்க இருக்கு," என்று டர்க் முணுமுணுத்தான். "ஊர்ல வேற யார்கிட்டயும் இல்லேன்னு இவங்களே சொல்றாங்க. வழி மறுபடியும் இதே வீட்டுக்குத்தான் வருது."

அது அலெய்டாவின் காதில் விழுந்தது. குவளையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று பேனா வாங்கினாள், இரண்டுதான் இருக்கிறது. கோரா உடனே பிடித்துக்கொண்டாள். இந்த அடுப்பங்கரைக்குள் யார் யார் வருவார்கள் என்று கேட்டாள். யாரும் வருவதில்லை என்றாள் அலெய்டா, கொஞ்சம் அவசரமாக. பிறகு ஜன்னல் வழியே அந்தச் சுத்தமான பாதையைப் பார்த்தாள்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அந்தப் பேனாவை நம்பவே கூடாது என்று புலம்ப ஆரம்பித்தாள். போன குளிர்காலத்தில் சுவரில் மாட்டும் ஒரு தையல் விரிப்பை முடித்து, கோடெல்லாம் இஸ்திரியில் அழித்து, கண்காட்சிக்காகக் கார் டிக்கியில் வைத்தாள். மறுநாள் எடுத்தால் அழித்த கோடெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

கோரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். டர்க்குக்கு அந்தச் சத்தம் தெரியும். கேஸ் திரும்பும்போது வரும் சத்தம். அவள் மேஜையிலிருந்த துண்டுத் துணியை, டர்க்கின் பெயர் அழிந்துபோன அதே துணியை, எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வர்றேன்," என்றாள் அலெய்டா. கோட்டை மாட்டிக்கொண்டே தையல் கூடைக்குள் கைவிட்டுத் தான் தைத்த ஒரு கட்டத்தை உருவினாள். "சண்டைக்கு இல்ல. சமாதானத்துக்கும் இல்ல. முனைன்னா எப்படி இருக்கணும்னு அவளுக்குக் காட்டிட்டு வந்துடறேன்."

வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். கோரா அந்தத் துண்டுத் துணியை வண்டியின் முன்கண்ணாடியில், துடைப்பானுக்கு அடியில் செருகினாள். எதற்கு என்று டர்க் கேட்டான். ஓட்டு என்றாள்.

பாதி வழியில் டர்க் வண்டியைக் கிட்டத்தட்டப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். கண்ணாடிக்கு வெளியே, காற்றில் படபடத்த துணியில், வெளிறிய கோடுகள் தெரிந்தன. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவை எழுத்தாயின. அவனுடைய பெயரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சூட்டுல போறது குளிர்ல வருது," என்றாள் கோரா. "இந்த ஊர்க் குளிருக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் கண்டுபிடிச்சேன். வேகமா ஓட்டு."

ஜோலீன் வீட்டு முன்னால், வெர்லினின் டிராக்டருக்குப் பக்கத்தில், ஏற்கெனவே இரண்டு கார்கள் நின்றன. சர்ச் பெண்கள் மூடிய பாத்திரங்களோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோரா அவர்களை முந்திக்கொண்டு படியேறினாள். உள்ளே ஜோலீன் பொறுமை இழந்திருந்தாள். கட்டத்தின் மூன்று பக்கம் பிரிந்து, ஒரே ஒரு தையலில் அது ஆடிய பல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. டெலிபோன் ரிசீவர் அவள் தோளில் இருந்தது. அக்கா வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம், எடுக்க ஆளில்லையாம்.

"எடுக்க மாட்டா. அவ உன் வாசல்ல நிக்கறா," என்றாள் கோரா.

ரிசீவர் தோளிலிருந்து நழுவியது.

கோரா நேரத்தை வீணாக்கவில்லை. கட்டத்தை வாசலுக்குக் கொண்டுவா என்றாள். ஜோலீன் முறைத்தாள், ஆனால் அத்தனை சர்ச் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முரண்டு பிடிப்பது அவள் வழக்கமில்லை. போர்வையைக் குழந்தை மாதிரி வாரித் தோளில் போட்டுக்கொண்டு, தொங்கும் கட்டத்தைக் கதவுக்கு வெளியே குளிரில் நீட்டினாள். கீழ்ப்படியில் அலெய்டா, கையில் தன் கட்டத்தோடு நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே துணியைப் பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அம்மாள் பாத்திரத்தைக் கைமாற்றிக்கொண்டாள். வெர்லின் அடுப்பங்கரைக் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வதை டர்க் கவனித்தான். மாட்டுக்குத் தண்ணீர் உறைந்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"கொஞ்சம் இரு வெர்லின்," என்றாள் கோரா.

வெள்ளைப் பட்டையில் ஒரு நிழல் விழுந்தது. நிழல் இல்லை, மை. முதலில் நடுவில், பிறகு இரு ஓரமும். டர்க் கழுத்தை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

அலெய்டா.

ஜோலீன் சர்ச் பெண்களைப் பார்த்தாள். "பார்த்தீங்கல்ல," என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நான் எழுதல ஜோலீன்." அலெய்டா மெதுவாகச் சொன்னாள். தன் கட்டத்தைக் காட்டுவதற்காக உயர்த்தியிருந்த கை அப்படியே நின்றுபோயிருந்தது. "தைக்கவும் இல்ல. சத்தியமா அது என் எழுத்து இல்ல."

டர்க் கோராவைப் பார்த்தான். கோராவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவள் பார்வை கட்டத்தில் இல்லை, ஜோலீனின் முகத்தில் இருந்தது.

ஜோலீன் துணியைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். கட்டை கட்டையாக, ஒன்றோடொன்று தோள் இடிக்காமல், அளவெடுத்து நிறுத்தின மாதிரி. முதல் எழுத்தான A-யின் தலை கூராக இல்லாமல் தட்டையாக இருந்தது. அவள் அதை விரலால் தடவினாள். வெட்டுப்பட்ட முனைகளைத் தடவினாள். குறடால் நசுக்கின மாதிரி இருந்த மடிப்பைத் தடவினாள். அவளுடைய தாடை கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை டர்க் முதல்முறையாகப் பார்த்தான்.

"உள்ள வாக்கா," என்றாள், தலை நிமிராமலே. "எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வெச்சிருப்பேன், சூடெல்லாம் வெளிய போகுது."

அலெய்டா ஒரு படி ஏறினாள். பிறகு இன்னொரு படி. வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றினாள். சர்ச் பெண்கள் பாத்திரங்களோடு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அப்புறம்தான் ஜோலீன் திரும்பினாள், பின்வாசல் கைப்பிடியில் ஏற்கெனவே கை வைத்துவிட்டிருந்த மனுஷன் பக்கம்.

"கோட்டைக் கழட்டிட்டு இப்படி வாங்க வெர்லின். நம்ம தொழுவத்துல ஒவ்வொரு மாட்டுக் காது அட்டையிலயும் நீங்க எழுதின இதே எழுத்துதான் தொங்குது."